மச்சாளின் சன்னமும் என் குழலும்

பொறாமை எனக்கு ஒரு காகிதத்தின் வழியாக வந்தது. மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் என் கணவனின் அக்கா வீட்டுக்கு முதல்முறை சாப்பிடப் போயிருந்தேன். தண்ணீர் எடுக்க சமையலறைக்குள் நுழைந்தபோது, ஃப்ரிட்ஜ் கதவில் பல் மருத்துவரின் அட்டைக்கும் பீட்சா கடை விளம்பரத்துக்கும் நடுவே ஒரு இலக்குத் தாள் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் மையத்தில் ஒரு கிழிசல். நூறு மீட்டர் தூரத்திலிருந்து சுட்ட ஐந்து குண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததால் ஏற்பட்ட கிழிசல்.

என் வேலை அளப்பது. புவாண்ட்-கிளேரில் ஒரு அளவீட்டுக் கூடத்தில், தொழிற்சாலைகள் அனுப்பும் அளவுக் கருவிகள் உண்மையைச் சொல்கின்றனவா என்று சரிபார்க்கிறேன். அதனால் எதைப் பார்த்தாலும் கண் முதலில் அளந்துவிடும். அந்தக் கிழிசல் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும்.

"இது யார் சுட்டது?" என்று கேட்டேன்.

"அக்கா," என்றான் கணவன். ஒரு சொல்தான். ஆனால் அதைச் சொன்னபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சம், அதுவரை எனக்காக வந்ததில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. முதுகலைப் படிப்புக்காக மொன்றியலுக்கு வந்தேன். அவன் என் வகுப்பில் படித்தவன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவன். எங்கள் ஊரில் கணவனின் அக்காவை நாத்தனார் என்போம். இவர்கள் வழக்கில் மச்சாள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன். மச்சாள் ஒரு மருந்தாளர். பெரிய மருந்துக்கடை ஒன்றின் பின்னறையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை பார்ப்பவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், உயரமானவள், சத்தமாகச் சிரிப்பவள். அவளிடம் குறை கண்டுபிடிக்க நான் எடுத்த முயற்சிகளை ஒரு தொழிலாகச் செய்திருந்தால் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

அக்காவும் தம்பியும் துப்பாக்கி சுடுவதை ஒன்றாகத் தொடங்கியவர்கள். இவனுடைய பழைய அலுவலகத்தில் ஒருவர் இவனைச் சுடுதளத்துக்குக் கூட்டிப் போனாராம். அடுத்த வாரமே இவன் அக்காவைக் கூட்டிப் போனான். டொராண்டோவில் இருக்கும் மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, இது பிடிக்காது. "உதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்?" என்பார். அதனால் மாமி வரும் வாரங்களில், மச்சாள் வீட்டு நிலவறையில் இருக்கும் மேசையின்மேல் பூப்போட்ட கட்டில் விரிப்பு ஒன்று ஏறிவிடும். அது என்ன மேசை என்று மாமி கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. சின்ன வயதிலிருந்து அம்மாவிடம் சேர்ந்து மறைத்துப் பழகிய இரண்டு பேர் அந்த விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து உதறுவதைப் பார்த்தால், மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை என்பது புரியும்.

அந்த மேசையில்தான் தோட்டா செய்வார்கள். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவானது. அதனால் எந்தத் துப்பாக்கிக்கும் முழுதாகப் பொருந்தாது. தனக்கென்று செய்துகொள்பவர்கள், சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, கைப்பிடி வைத்த அழுத்தியில் மீண்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். அடியில் பொறி தரும் சிறு மூடி, உள்ளே எடைபோட்ட வெடிமருந்து, வாயில் ஒரு குண்டு. அவ்வளவுதான் தோட்டா. குண்டை இவர்கள் சன்னம் என்பார்கள். போர்க்காலத்தில் வளர்ந்தவர்களின் வாயிலிருந்து வந்த சொல் அது. அதை மச்சாள் மிட்டாய் பெயர்போல எளிதாகச் சொல்வாள். "அந்தச் சன்னப் பெட்டியை இஞ்சால தள்ளும்."

நாங்கள் இருப்பது நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடி. வெடிமருந்து வைக்கவும் அழுத்தியைப் பொருத்தவும் அங்கே வசதியில்லை. ஆகவே என் தோட்டாக்களையும் நான் மச்சாளின் நிலவறையில்தான் செய்ய வேண்டும். அவளோடு போட்டியிட, அவள் விளக்கின் கீழேயே, அவள் தராசிலேயே வேலை செய்ய வேண்டியிருந்தது. என்னை எரிச்சலூட்டியவற்றை ஒருமுறை பேருந்தில் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அவள் கை நடுங்காதது. மருந்தைத் தட்டில் கொட்டும்போது ஒரே தடவையில் சரியான எடை வருவது. அவன் பாதி வாக்கியம் சொல்லும்போதே அவள் மீதிக்குச் சிரிப்பது. இருவரும் திடீரென்று பிரெஞ்சுக்கு மாறுவது. மாறியதே தெரியாமல் மாறுவது. கடைசியாக, அவள் என்னிடம் எப்போதும் அன்பாக இருந்தது. ஐந்தில் அதுதான் மோசம்.

ஆனால் நான் உண்மையாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒன்டாரியோ எல்லைப் பக்கம் இருக்கும் எங்கள் சுடுதளத்தில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஜோடிப் போட்டி நடக்கும். சிறு ரகத் துப்பாக்கிகளுக்கு மட்டும். தூரத்தில் உள்ளங்கை அளவு இரும்புத் தட்டுகள் தொங்கும். ஒருவர் படுத்துச் சுடுவார். மற்றவர் பக்கத்தில் குந்தியபடி தொலைநோக்கியில் காற்றைப் பார்த்து, குறிநோக்கிக்குள் வரைந்திருக்கும் கோடுகளில் எத்தனை கோடு இடமோ வலமோ தள்ளிக் குறி வைக்க வேண்டும் என்று சொல்வார். பிறகு இடம் மாறுவார்கள். ஒவ்வொரு வருடமும் அவன் அக்காவோடுதான் போனான். கல்யாணமான வருடம் நான் பின்னால் வேலி ஓரம் நின்று பார்த்தேன். அவன் அவள் காதருகே குனிந்து, "ஒண்டரைக் கோடு இடம்," என்பான். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சத்தம். தட்டு ஆடும். "ரெண்டு." மறுபடி சத்தம். அந்தப் பேச்சில் ஒரு தேவையற்ற சொல் இல்லை. வீட்டில் அவன் என்னிடம் பேசுவதெல்லாம் பால் முடிந்துவிட்டது, துணி காயவில்லை என்பதுதான். அந்தச் சுருக்கமான, நம்பிக்கையான குரல் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அவன் ஜோடியாக அங்கே படுக்க வேண்டும்.

அடுத்த வசந்தத்தில் சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கினேன். உரிமம், வகுப்பு, பதிவு எல்லாவற்றையும் முடித்துத்தான். எந்தக் குழல் என்பதில் மட்டும் மூன்று வாரம் படித்தேன். குழலின் உட்புறத்தில் திருகுபோல வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டு அதில் பிடித்துச் சுழன்றபடி வெளியேறுவதால்தான் பம்பரம்போல நிமிர்ந்து பறக்கிறது. சில குழல்களில் முறுக்கு மெதுவானது. மச்சாளின் பழைய குழலில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான, கனத்த குண்டுகளை அது நிமிர்த்தாது. குட்டையான லேசான குண்டுகளுக்கு மட்டுமே ஆகும். நான் ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை எடுத்தேன். கனத்த குண்டையும் சுழற்றும், லேசானதையும் சுழற்றும் என்பது என் கணக்கு. அவள் குழலால் முடியாதது என் குழலால் முடியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

கோடையின் நடுவில் ஒரு சனிக்கிழமை, சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இந்த வருஷம் போட்டிக்கு நான் வரேன். உன்னோட."

அவன் கை கறிக்கிண்ணத்தில் நின்றது. "அக்கா..."

"அக்கா அஞ்சு வருஷம் போயாச்சு."

"அப்பிடியில்லை. நீங்கள் ரெண்டு பேரும் ஒருநாள் ஒண்டாச் சுடுங்கோ. அஞ்சு வெடி. ஆருடைய கூட்டம் சின்னனோ, அவவோட போறன். நியாயம்தானே?"

நியாயம்தான். அளவுகோலால் தீர்க்கக்கூடிய எதற்கும் நான் மறுப்புச் சொல்வதில்லை. ஐந்து துளைகளின் கூட்டத்தில், மிகத் தொலைவான இரண்டுக்கு நடுவே உள்ள தூரம். சின்னது வெல்லும். மச்சாளிடம் சொன்னபோது அவள் கைகொட்டிச் சிரித்தாள். "என்ன, சுயம்வரமோ? மாப்பிள்ளையைப் பாரும், வயிறும் தொப்பையும்."

எனக்கு அதுவரை இருந்த தோட்டா கனத்த குண்டு போட்டது. நன்றாகவே போகும், ஆனால் ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஏறும் அளவுக்கு இல்லை. நான் இன்னும் பல அளவுகளில் செய்து பார்த்துத் தேடியிருக்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது; அந்த முறைக்குப் பொறுமை வேண்டும். என் கண் முழுவதும் அவள் கிழிசலில் இருந்தது. ஒரு மாலை நிலவறையில் அவள் தன் தோட்டாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், நீங்க என்ன குண்டு போடறீங்க?"

"மூடியில எழுதிக் கிடக்கு, பாரும். நாப்பது கிரெய்ன். மெல்லிசு." ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டரை கிராம் சொச்சம். ஒரு நிலக்கடலைப் பருப்பின் அளவு. "என்ர குழலுக்கு இதுதான் சரி. நீரும் செய்து பாக்கப் போறீரோ?"

"பாக்கலாமேன்னு."

"செய்யும், செய்யும். சன்னம் நிறையக் கிடக்கு. நான் இனி ஆருக்குப் பிடிச்சு வைக்க?"

அப்படியே எடுத்துக்கொண்டேன். அதே குண்டு, அதே மருந்து, அதே கூடு, அதே மூடி, அதே நீளம். வரிசையாக எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கையேட்டில் சொன்னபடி குறைந்த மருந்தில் தொடங்கி, கூட்டின் அடியில் அழுத்தத்தின் அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏறினேன். அதில் நான் அவசரப்படவில்லை. ஆனால் அந்த மாலைகளில் நூறு மீட்டர் வரிசை நிறைந்திருந்ததால் ஐம்பது மீட்டரில் சுட்டேன். எல்லாம் தாளில் விழுந்தன, அழகாகவும் விழுந்தன. அவளுடையது என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். டெபனர் என்னும் மூலைக்கடையில் வாங்கிய காப்பியை வண்டியிலேயே குடித்து முடித்தோம். சுடுதளத்தில் எங்களைத் தவிர, வரிசையைக் கவனித்துக்கொள்ளும் ஒரு கியூபெக்காரர் மட்டும் இருந்தார். எல்லோரும் தாள் ஒட்டித் திரும்பியதும் "சே போ!" என்று கையைத் தூக்கினார். சரி, சுடலாம் என்று அர்த்தம்.

மச்சாள் முதலில் படுத்தாள். ஐந்து வெடி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவசரமே இல்லை. எழுந்து புல்லைத் தட்டிவிட்டு, "ம்ம், பரவாயில்லை," என்றாள். அவள் பரவாயில்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

பிறகு நான். குழலைச் சூடேற்ற மண்மேட்டில் சில வெடிகள் சுட்டுவிட்டு, தாளுக்கு மாறினேன். மூச்சை விட்டேன். விசையை அழுத்தினேன். குறிநோக்கியில் பார்த்தால் தாளில் துளை இல்லை. முதலாவது கறுப்பு வட்டத்துக்குள் விழுந்திருக்கும், அதனால் தெரியவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது. மூன்றாவது. ஐந்தும் முடிந்தன. தாள் கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"எங்க போச்சுது?" என்று மச்சாள் தன் தொலைநோக்கியைத் திருப்பினாள். "என்னப்பா, எல்லாம் டொராண்டோவுக்குப் போட்டுதோ? அம்மாட்டைச் சொல்லி வைக்க வேணும், குனிஞ்சு நில்லுங்கோ எண்டு."

கியூபெக்காரரும் சிரித்தார். சொற்கள் புரியாமலே சிரிக்கக்கூடிய இடம் அது. நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, "இன்னொண்டு சுடு," என்றான். சுட்டேன்.

"புகை," என்றான். "பாதி வழியில சாம்பல் நிறத்தில ஒரு கோடு. பேந்து ஒண்டும் இல்லை. சன்னம் காத்திலயே உடையுது."

அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. விளங்கியதுதான் தாங்கவில்லை. மெல்லிய தோல் போர்த்திய லேசான குண்டு. அவள் குழலில் அது அளவாகச் சுழன்றது. என் குழலில், அதே வேகத்தில், நிமிடத்துக்கு மூன்றரை லட்சம் சுற்றுக்கு மேல். தன் சுழற்சியைத் தானே தாங்காமல் கிழிந்து பொடியாகியிருக்கிறது. குழல் குளிர்ந்திருந்தபோது, ஐம்பது மீட்டருக்குள், அது எப்படியோ தாளை எட்டிவிட்டது. கல்லூரிப் பட்டறையில் அரைக்கும் சக்கரத்தை மாட்டும் முன் அதன்மேல் அச்சிட்ட உச்ச வேகத்தை வாசிக்காமல் விட்டால் ஆசிரியர் வெளியே அனுப்பிவிடுவார். சுழலும் எதற்கும் ஒரு மேல் எல்லை உண்டு என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு அறிந்தவள் நான். குண்டு நிமிர்ந்து பறக்கக் குறைந்தது எவ்வளவு சுழல வேண்டும் என்றுமட்டும் கணக்குப் போட்டேன். அதிகம் என்று ஒன்று இருப்பது மனதில் வரவே இல்லை. அவளிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். அவள் குழலை மட்டும் எடுக்க முடியாது என்பதை மறந்துவிட்டேன்.

"உம்மட குழல் எத்தனை?" என்று மச்சாள் கேட்டாள்.

"ஏழு."

"ஐயோ! நான் ஒன்பதெண்டு நினைச்சன். ஒன்பதெண்டால் தாங்கும். முதலே சொல்லியிருக்கலாமே."

வண்டியில் திரும்பும்போது அதை நம்பினேன். இரவுச் சமையலில் வெங்காயம் நறுக்கும்போது நம்பவில்லை. இன்றுவரை அப்படித்தான், நாளுக்கு ஒரு தீர்ப்பு. ஆனால் அந்த நேரத்தில் அவள் செய்தது வேறு. என் பையைக் காலால் சுட்டி, "பழைய வெடி கொண்டந்திருப்பீரே? நீர் எல்லாத்திலயும் ரெண்டு கொண்டு வாற ஆள். அதைச் சுடும். இது கணக்கில இல்லை," என்றாள்.

கொண்டுவந்திருந்தேன். கனத்த குண்டு போட்ட பழைய தோட்டாக்கள். பெருந்தன்மைகூட அவளுக்குச் செலவில்லாமல் வருகிறது என்று நினைத்தபடியே படுத்தேன். கோபம் சில சமயம் கையை உறுதியாக்கும். ஐந்து வெடிகளும் சொன்ன இடத்துக்குப் போயின.

இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தோம். அளப்பது என் வேலை. யாரும் கேட்காமலே கைகள் வெர்னியர் காலிப்பரை எடுத்துவிட்டன. அவளுடையதை அளந்தேன். என்னுடையதை அளந்தேன். திரும்ப இரண்டையும் அளந்தேன். அவளுடையது சின்னது, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு.

"சொல்லுமன்," என்றாள் மச்சாள்.

"உங்களுது சின்னதா காட்டுது. ஆனா தாள் கிழிஞ்ச ஓரம் பிசிறா இருக்கு. அந்தப் பிசிறே அரை மில்லிமீட்டர் இருக்கும். அதுக்குள்ள இருக்கற வித்தியாசத்தை வித்தியாசம்னு சொல்ல முடியாது."

"அப்ப?"

"அப்ப, எது சின்னதுன்னு இதை வெச்சு சொல்ல முடியாது."

"கடவுளே," என்றாள் அவள் தம்பியிடம், "நீ கலியாணம் முடிச்சது பொம்பிளையை இல்லையடா, தராசை." பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, சமன். நான் ஒப்புறன்," என்றாள்.

நான் தந்திரமாகச் சொல்லவில்லை. வேறு யாருடைய தாளாக இருந்தாலும் அதே விடைதான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அந்த விதியைப் போட்டதே, தானே தேர்ந்தெடுக்கும் வேலையிலிருந்து தப்பிக்கத்தான். இப்போது அளவுகோல் விலகிவிட்டது. அவன் ஒரு பக்கமும் நாங்கள் இருவரும் மறுபக்கமுமாக நின்றோம். அவன் இரண்டு தாள்களையும் மடித்தான். மடித்ததைப் பிரித்தான்.

"இந்தமுறை இவளோட போறன், அக்கா."

"ஓம், போங்கோ. எனக்கென்ன? ஞாயிற்றுக்கிழமை வடிவா நித்திரை கொள்ளுவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சுட்ட கூடுகளைப் பொறுக்காமல் போனாள். பித்தளையைத் தங்கம்போலப் பொறுக்குகிறவள் அவள். வழக்கமாகத் திரும்பும் வழியில் மூவரும் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட நிற்கும் கடையில் அவள் வண்டி நிற்கவில்லை. நாங்களும் நிற்காமல் போனோம்.

வண்டியில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஏன் என்னை எடுத்த?"

அவன் நேராகச் சாலையைப் பார்த்தபடி, "உனக்குத்தான் வேணும். அவவுக்கு அவ்வளவு இல்லை," என்றான்.

நன்றாகச் சுடுவதற்காக இல்லை. வேண்டும் என்று கேட்டதற்காக. கடைசி மிட்டாயை அழுகிற பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. வீடு வரும்வரை நான் வெளியே பார்த்தபடி இருந்தேன்.

போட்டி நாளன்று மேப்பிள் மரங்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. காற்று இடப்பக்கத்திலிருந்து விட்டுவிட்டு அடித்தது. மச்சாள் வரவில்லை. நான் படுத்தேன். அவன் என் வலப்பக்கம் குந்தினான். தொலைநோக்கியைச் சரிசெய்யும் சத்தம், பிறகு என் காதருகே அந்தக் குரல். அளவான, நம்பிக்கையான குரல்.

"காத்து இடத்தால. ஒண்டரைக் கோடு இடம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை, மச்சாளைப்போல. ஒன்றரைக் கோடு தள்ளி வைத்துச் சுட்டேன். தட்டுக்கு இடப்பக்கத்தில் மண் எழுந்தது.

"இடம் போட்டுது. திரும்ப, அதே ஒண்டரை."

மறுபடி இடப்பக்கத்தில் மண். காற்று குறைந்துவிட்டதோ என்று அவன் முணுமுணுத்தான். அடுத்த தட்டுக்கு "ரெண்டு" என்றான். மறுபடி இடம். எங்களுக்குப் பின்னால் யாரோ பிரெஞ்சில் ஏதோ சொன்னார்கள், மெதுவாகத்தான்.

அங்கும் இங்குமாகத் தவறினால் அது கையின் நடுக்கம். ஒரே பக்கமாகத் தவறினால் கருவியில் எங்கோ ஒரு சாய்வு இருக்கிறது. இதைத்தான் தினமும் நான் பிறருக்கு எழுதி அனுப்புகிறேன். கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமல் யோசித்தேன். என் குறிநோக்கி சரி. காலையில் பார்த்தது. காற்றும் குறையவில்லை, சுடுதளக் கொடி முன்போலவே பறந்தது. மிஞ்சியது அவன் சொல்லும் எண்.

லேசான குண்டைக் காற்று எளிதாகத் தள்ளும். கனத்த குண்டை அவ்வளவு தள்ளாது. அவன் வாயில் வருவது ஐந்து வருடமாக நாற்பது கிரெய்ன் சன்னத்துக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய எண். கொடியைப் பார்த்ததும் யோசிக்காமல் வருகிற எண். நான் இவ்வளவு நாள் ஏங்கிய அந்தக் குரல் என் காதருகே வந்துவிட்டது. வந்தும் அது அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தது.

"நீ சொல்றது அக்காவோட கணக்கு," என்றேன். "என்னோடதைச் சொல்லு."

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, "உன்ர எவ்வளவெண்டு எனக்குத் தெரியாதே," என்றான்.

ஒளிக்காமல் சொன்னான். வெட்கப்பட்டும் சொன்னான். அவன் என்மேல் வைத்த அன்பைப் பற்றி நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"அவங்களுக்குச் சொல்றதுல மூணுல ரெண்டு பங்கு."

"மூண்டில ரெண்டு. சரி." நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மறுபடி தொலைநோக்கிக்குள் குனிந்தான். "ஒண்டரை... இல்லை. உனக்கு ஒண்டு. ஒரு கோடு இடம்."

சுட்டேன். தட்டு ஆடியது. ஒரு நொடி கழித்து இரும்பின் ஓசை வந்தது.

"பட்டுது!" என்றான் உரக்க. போட்டியில் அப்படிக் கத்தக் கூடாது. அக்காவோடு இருக்கும்போது அவன் கத்தியதில்லை. அவளுக்குப் படும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

மீதித் தட்டுகளும் அப்படித்தான் போயின. ஒவ்வொரு தடவையும் முதலில் அவள் எண் வந்தது, பிறகு அவன் நிறுத்தி, வகுத்து, என் எண்ணுக்கு வந்தான். வகுக்கும்போது அவன் மூச்சு நிற்பது எனக்குக் கேட்டது. அவன் முறையில் சுட்டதையும் சேர்த்து, நடுப்பட்டியலுக்குக் கீழே எங்கோ முடித்தோம். முதல் தட்டுகளைத் தவறவிட்டவர்கள் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

என் கடைசித் தட்டு மிகத் தொலைவில் இருந்தது. காற்று ஓங்கி வந்தது. "ரெண்டு," என்று தொடங்கிவிட்டு அவன் நின்றான். நான் விரலை விசையில் வைத்தபடி காத்திருந்தேன். "உனக்கு ஒண்டேகால். கொஞ்சம் கூட." அந்த இடத்தில் கோட்டை நிறுத்திச் சுட்டேன். ஓசை தெளிவாக வந்தது. அவன் கை என் முதுகில் விழுந்தது. நான் திரும்பவில்லை. அவன் முதலில் சொன்ன அந்த "ரெண்டு" இன்னும் என் காதில் இருந்தது.